நேர்முகத் தேர்வும் நேர்மையும்

தாம்பரம் இரயில் நிலைய மேம்பாலத்தில் காலை எட்டு மணியளவில் நிற்போரின் கண்ணுக்குத் தவறாமல் படும் காட்சி ஒன்று உண்டு. மடிப்புக் கலையாத புதுச் சட்டை, பழக்கமில்லாத காலணி, மார்போடு அணைத்த சான்றிதழ்க் கோப்பு ஆகியவற்றுடன் ஓர் இளைஞர் தூணோரம் நிற்பார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். ஏதோ ஓதுகிறார் போலும் என்று மகிழ்ந்து அருகே சென்றால், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்னும் வினாவுக்குரிய ஆங்கில விடையை அவர் உருப்போட்டுக்கொண்டிருப்பது காதில் விழும்.

கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931இல். சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கு இடம்பெயர்ந்தது 1937இல். சானடோரியத்தருகே ஏற்றுமதி வளாகம் தோன்றியது 1984இல். அதே ஆண்டில் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியும் எழுந்தது. பின்னர்ப் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் வந்தன. ஒரு பக்கம் கல்லூரிகள், மறு பக்கம் அலுவலகங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய அறை இருக்கிறது. மேசைக்கு அப்பால் மூன்று நாற்காலிகள், இப்பால் ஒன்று. பதினாறு ஆண்டுப் படிப்பும் அவ்வறையின் இருபது நிமிடங்களைக் கடந்தே மறு பக்கம் சேர வேண்டியிருக்கிறது.

அந்த இருபது நிமிடங்களை வெல்வதற்கு உளவியலைக் கற்றுத் தருகிறோம் என்று கூறும் பயிற்சி வகுப்புகள் இன்று தெருவுக்குத் தெரு உள்ளன. அத்தகைய வகுப்பொன்றுக்குச் சென்று வந்த இளைஞர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். நாளை நேர்முகத் தேர்வு, துஆச் செய்யுங்கள் என்று கேட்க வருவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். இவரோ துஆவுக்கு முன் ஒரு மஸ்அலா கேட்டார்.

அவருடைய தந்தைக்குச் சிறுநீரகம் பழுதுற்றபோது, பட்டப்படிப்பு முடிந்த கையோடு ஓராண்டுக் காலம் இவர் மளிகைக் கடையில் அமர்ந்தவர். பயிற்சி வகுப்பில் அவருக்குச் சொல்லித் தந்தது இது: "அந்த ஓராண்டைப் பற்றி வாய் திறக்காதே. ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படித்தேன் என்று சொல். எவரும் சரிபார்க்க முடியாது. உன் குறை யாது என்று கேட்டால், எதையும் முழுமையாகச் செய்யாமல் விட மனம் வராது, அதுவே என் குறை என்று கூறு. எதிரே இருப்பவர் சாய்ந்தால் நீயும் சாய். அவர் கை கோத்தால் நீயும் கோத்துக்கொள். உன்மீது அவருக்கு அன்பு பிறக்கும்."

"ஹஜ்ரத், இதையெல்லாம் உளவியல் என்கிறார்கள். இது உளவியலா, பொய்யா?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

நல்ல கேள்வி. அவசரமாக விடை கூறுவது எளிது. பொய் பொய்தான், போ என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் தந்தையின் மருத்துவச் செலவைத் தோளில் சுமந்து நிற்கும் பிள்ளைக்கு அவ்வளவு மலிவாக விடை கூறும் உரிமை நமக்கு உண்டா? எனவே, இக்கேள்வியைச் சற்று விரித்தே நோக்குவோம்.

மடி கட்டிய ஆடு

பால் கறக்கும் ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்கக் கொண்டுபோகும் முன், சில நாள் கறக்காமல் மடியைக் கட்டிவைப்பது பண்டை அரபு வணிகரிடையே இருந்த ஒரு தந்திரம். மடி பருத்துத் தோன்றும், வாங்குபவன் ஏமாறுவான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவனுக்கு மூன்று நாள் அவகாசமும் அளித்தார்கள். விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் திருப்பிக் கொடுக்கலாம். நம் அலுவலகங்களில் தகுதிகாண் பருவம் என்று வழங்குவதைப் படிக்கும்போதெல்லாம் இந்த மூன்று நாள் நம் நினைவுக்கு வருவதுண்டு!

இந்தச் சட்டத்தில் நுட்பமான செய்தியொன்று அடங்கியிருக்கிறது. ஆட்டைக் குளிப்பாட்டிச் சந்தைக்குக் கொண்டுவரலாகாது என்று எவரும் சொல்லவில்லை. அதன் மயிரைச் சீவலாம், நல்ல நிழலில் நிறுத்தலாம். அவையெல்லாம் இருப்பதை விளங்கக் காட்டுபவை. மடி கட்டுவதோ இல்லாத பாலை இருப்பதாகக் காட்டுகிறது. தாம்பரம் சந்தைக்குப் போகும் எந்தப் பெண்மணியைக் கேட்டாலும் இதைச் சொல்வார். மாம்பழத்தைத் துடைத்து அடுக்கும் வியாபாரியிடம் அவருக்குக் கோபமில்லை. கல் வைத்துப் பழுக்கவைத்தவனிடமே அவர் சண்டைக்கு நிற்பார்.

ஆக, முதல் அளவுகோல் கிடைத்துவிட்டது. உளவியல் இருவகைத் தொழிலைச் செய்ய வல்லது. உள்ளே இருப்பதை மறைத்துக்கொண்டிருக்கும் திரையை அது விலக்கலாம்; அல்லது உள்ளே இல்லாததற்கு ஒரு முகமூடி செய்து தரலாம். முதலாவது கல்வி. இரண்டாவது மடி கட்டுதல்.

ஆனால் வாழ்க்கையில் இவ்விரண்டும் எப்போதும் தனித்தனியாக வந்து நிற்பதில்லை. அதுதான் தொல்லை.

திரை எது?

குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பெற்ற சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை, தாம்பரத்திலிருந்து இரயிலேறுவோர் சில நிமிடங்களில் கடந்து செல்கின்றனர். இராமேசுவரத்திலிருந்து வந்து அங்கே வானூர்திப் பொறியியல் கற்ற ஏ. பி. ஜெ. அப்துல் கலாம் அவர்களின் கல்விக் கட்டணத்துக்காக, அவருடைய சகோதரி ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. படிப்பு முடிந்தபின், 1958ஆம் ஆண்டளவில், அவ்விளைஞர் இரு நேர்முகத் தேர்வுகளுக்கு வடக்கே சென்றார். ஒன்று தில்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் வானூர்தித் தொழில்நுட்ப இயக்ககத்தில். மற்றொன்று டேராடூனில், விமானப் படைத் தேர்வு வாரியத்தில். அவர் உள்ளம் நாடியது டேராடூனையே. இருபத்தைந்து பேர் வந்திருந்தனர், தேவைப்பட்டோர் எண்மர், அவர் பெற்ற இடம் ஒன்பதாவது.

அறிவைக் காட்டிலும் 'ஆளுமை'க்கே அவ்வாரியத்தில் அதிக மதிப்பளித்ததாக, 1999இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவர் குறிப்பிடுகிறார். உடல் மிடுக்கையும் சரளமான பேச்சையும் அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். மனம் உடைந்து ரிஷிகேசம் சென்று, சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றுத் தில்லி திரும்பினார். அங்கே முதுநிலை அறிவியல் உதவியாளர் பணிக்கான ஆணை காத்திருந்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய்.

நான்கு ஆண்டுகள் கழிந்து, 1962இல், விண்வெளி ஆய்வுக் குழு பம்பாயில் நடத்திய நேர்முகத் தேர்வில் அதே மனிதர் அமர்ந்தார். எதிரே இருந்தவர்களுள் ஒருவர் டாக்டர் விக்ரம் சாராபாய். கேட்பவரிடம் வழக்கமாகக் காணும் மிடுக்கு அவரிடம் இல்லை. இவருக்கு என்ன தெரியாது என்று துருவாமல், இவரால் என்ன ஆகக்கூடும் என்று அறியும் வகையில் அவருடைய வினாக்கள் இருந்தனவாம். இறுக்கமற்ற மனத்தோடு சென்றதால் நன்கு பேச முடிந்தது என்றும் அந்நூல் கூறுகிறது. மறுநாளே தேர்வு உறுதியாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அச்சமும் இறுக்கமும் மனிதனின் அறிவை அழிப்பதில்லை. அதன்மேல் திரையாகத் தொங்குகின்றன. அத்திரையின் ஒரு நுனி பேசுபவன் கையில் இருக்கிறது. மறு நுனி கேட்பவன் கையில் இருக்கிறது.

பேசுபவன் கையிலுள்ள நுனியை விலக்க உளவியல் உண்மையிலேயே உதவுகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் உட் புரூக்ஸ் என்னும் அம்மையார் 2014இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. பலர்முன் பேசப் போகும்போது நெஞ்சு படபடக்கிறது. "அமைதியாக இரு" என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொள்வோரைவிட, "எனக்கு ஆர்வம் பொங்குகிறது" என்று அந்தப் படபடப்புக்கே வேறு பெயர் சூட்டிக்கொள்வோர் நன்றாகப் பேசினர். இதில் பொய் ஏதுமில்லை. நெஞ்சின் துடிப்பு ஒன்றே. அதற்கு நாம் சொல்லும் பொருள்தான் மாறுகிறது.

மற்றோர் ஆய்வு இன்னும் ஆழமானது. அமெரிக்காவில் வேலையிழந்த அனுபவமிக்க பொறியாளர்களை, வேலை போன துயரத்தை நாள்தோறும் சிறிது நேரம் எழுதிவைக்குமாறு செய்தார்கள் பென்னிபேக்கரும் அவர்தம் கூட்டாளிகளும். 1994இல் வெளியான அவ்வாய்வின்படி, எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட விரைவில் வேலை பெற்றனர். இத்தனைக்கும் அவர்கள் அதிக விண்ணப்பங்கள் அனுப்பவில்லை. உள்ளே தேங்கிய கசப்பு வெளியேறிவிட்டால், அது நேர்முகத்தின்போது முகத்தில் வந்து நிற்பதில்லை போலும்.

இவை திரை விலக்குபவை. ஆனால் பயிற்சிக் கடைகளில் விற்கும் சரக்கு முழுவதும் இத்தகையதன்று. பேச்சின் பயனில் சொல்லுக்குரிய பங்கு ஏழு விழுக்காடே, மீதமெல்லாம் குரலும் முகமும்தான் என்று பல இடங்களில் முழங்குகிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்பவர் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து பிறந்தது அது. ஒற்றைச் சொற்களைக் கூறும்போது விருப்பு வெறுப்பு எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைப் பற்றிய ஆய்வு. பேச்சு முழுமைக்கும் பொருந்தும் விதியன்று. அவ்வாறே, இரண்டு நிமிடம் இடுப்பில் கை வைத்து வீரன்போல் நின்றால் உடலின் சுரப்பிகளே மாறித் துணிவு பெருகும் என்று 2010இல் மூவர் அறிவித்தனர். உலகெங்கும் அது பரவியது. 2015இல் வேறு ஆய்வாளர் பெருந்தொகையினரிடம் அதைச் சோதித்தபோது சுரப்பிகளில் மாற்றம் காணப்படவில்லை. அம்மூவருள் முதலாமவரான டேனா கார்னி, அவ்விளைவு உண்மையானதென்று தாம் இனி நம்பவில்லை என்று 2016இல் வெளிப்படையாக அறிவித்தார். தம் பெயர் பரவக் காரணமான கண்டுபிடிப்பைத் தாமே மறுத்துரைக்கும் அந்நேர்மை, வீரநிலையைவிடப் பெரிய பாடமன்றோ?

இரண்டு விண்ணப்பங்கள்

தன்னைப் பற்றித் தானே நல்லது சொல்லிக்கொள்வது பணிவுக்கு ஏற்றதா என்று நம் வீட்டுப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். பதவியைக் கேட்டுப் பெறாதே என்று நபித்தோழர் ஒருவருக்கு அண்ணலார் அறிவுறுத்தியதும் உண்டு. ஆனால் திருமறையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், எகிப்திய மன்னன் முன்னிலையில் யூசுப் நபி (அலை) நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு தாமே கேட்கிறார்கள். காரணமும் கூறுகிறார்கள். தாம் காப்பதில் வல்லவர், அறிந்தவர் என்னும் இரண்டே தகுதிகள். தம் அழகைச் சொல்லவில்லை. நபிமார் வழிவந்த குலத்தைச் சொல்லவில்லை. பஞ்சம் வரப்போகும் நாட்டின் களஞ்சியத்துக்கு எவ்விரண்டு தேவையோ அவ்விரண்டை மட்டும் சொன்னார்கள். அதற்கு முன்பே, தம்மீது சுமத்திய பழி ஆராயப்படும்வரை சிறையிலிருந்து வெளிவர மறுத்தவர்களும் அவர்களே. விண்ணப்பத்துக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை சாட்சியாக நின்றது.

மூஸா நபியின் (அலை) வரலாறோ இதற்கு நேர்மாறானது. பிர்அவ்னிடம் செல்லுமாறு இறைவன் பணிக்கும்போது, அவர்கள் தம் குறைகளை முதலில் அடுக்குகிறார்கள். தம் கையால் ஓர் உயிர் போயிற்று, பழிக்கு அஞ்சுகிறேன். தம் நாவில் முடிச்சு இருக்கிறது. தம் சகோதரர் ஹாரூன் தம்மைவிடத் தெளிவாகப் பேசுவார்; அவரைத் துணையாகத் தர வேண்டும். கேளாமலே குறையைக் கூறியதோடு, அக்குறையை நிரப்பும் வழியையும் சேர்த்துக் கூறிய விண்ணப்பம் அது. குறையைச் சொன்னதால் அப்பணி அவர்களைவிட்டுப் போகவில்லை.

முழுமையாகச் செய்வதே என் குறை என்று நிறையைக் குறையாக வேடமிட்டுக் காட்டும் இன்றைய விடையை இதனருகில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் சொல்லிச் சொல்லி அவ்விடை கேட்போருக்கே சலித்துவிட்டது. அது கிடக்கட்டும். தன் குறை எதுவென்று மெய்யாகவே எண்ணிப் பார்க்கும் வாய்ப்பொன்று அவ்விளைஞனுக்கு வந்தது. அதை அவன் இழந்தான் என்பதே நமக்கு வருத்தம்.

மதரஸாவில் பலாகத் கலையைப் பயின்றோர் அதன் இலக்கணத்தை மறந்திருக்க மாட்டார்கள். நிலைமை எதை வேண்டுகிறதோ அதற்கு ஏற்பப் பேசுவதே சொல்வன்மை. திருவள்ளுவரும் 'அவையறிதல்' என்று ஓர் அதிகாரமும், அதை அடுத்து 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரமும் அமைத்தார். அவையை அறிந்து அதன் மொழியில் பேசுவது வஞ்சகம் என்று இரு மரபும் கருதவில்லை. வீட்டில் மூத்தோர் முன் பார்வையைத் தாழ்த்துவது அதபு; அலுவலக அறையில் கேட்பவரின் முகத்தை நோக்கிப் பேசுவதும் அவ்விடத்து அதபே. ஒரு பிள்ளை இரண்டையும் கற்பது இரண்டு மொழி கற்பதற்கு ஒப்பாகும். இரண்டு முகம் வைத்துக்கொள்வதாகாது. எந்த மொழியில் பேசினாலும் சொல்வது ஒன்றாக இருக்கும்வரை அதில் பிழையில்லை.

நாம் அமர்ந்த நாற்காலி

இதுவரை பேசியது எதிர் நாற்காலியில் இருப்பவனைப் பற்றி. மேசைக்கு அப்பாலுள்ள மூன்று நாற்காலிகளுக்கு ஒழுக்கமில்லையா?

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நாமும் ஒருவராக அமர்ந்தோம். வந்தவருள் ஓர் இளைஞர் விடைகளைச் சரியாகவே கூறினார். ஆனால் ஒரு முறைகூட நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏதோ மறைக்கிறார்" என்று குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். நாமும் தலையசைத்து மதிப்பெண்ணைக் குறைத்தோம். அன்றிரவு மாணவர்க்குப் பாடம் நடத்துகையில், உஸ்தாதின் முகத்தை உற்றுப் பார்த்துப் பேசாதே என்று ஒரு சிறுவனைக் கண்டித்தோம். கண்டித்த வார்த்தை வாயிலிருக்கும்போதே அவ்விளைஞரின் தாழ்ந்த கண்கள் நினைவில் எழுந்தன. நாம் கற்பித்த ஒழுக்கத்தையே நாம் குற்றமாக எழுதிவிட்டு வந்திருந்தோம். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அவர் எங்கிருக்கிறார் என்பதும் நமக்குத் தெரியாது. இன்றுவரை அது நம் கணக்கில் நிற்கிறது.

ஒரு குணத்தைக் கண்டு மற்றெல்லாக் குணங்களையும் அதன் நிறத்திலேயே பார்க்கும் இப்பிழையை, எட்வர்டு தார்ண்டைக் 1920இலேயே எடுத்துக்காட்டினார். படைவீரரை அதிகாரிகள் மதிப்பிட்ட பட்டியல்களில், உடற்கட்டு நன்றென்று மதிப்பிடப்பட்டவனுக்கே அறிவும் தலைமையும் நன்றென்று விழுந்திருக்கக் கண்டார். நூறாண்டுகள் கழிந்தும் இப்பிழை நீங்கவில்லை. 2022இல் சாக்கெட் முதலானோர் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி மறுகணக்கிட்டனர். வருவோர் அனைவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகத்துக்கும், பின்னாளைய பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42. மனம் போனபடி உரையாடும் நேர்முகத்துக்கோ 0.19 மட்டுமே. "பார்த்தவுடன் ஆளை எடைபோட்டுவிடுவேன்" என்று மார்தட்டும் அதிகாரிகள் இவ்விரு எண்களையும் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நம் நீதிமன்றங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில், மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75ஐ நேர்முகத்துக்கு ஒதுக்கியது மிகையென்று உச்ச நீதிமன்றம் 1970இல் கருதியது. 1980இல் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், இரண்டு மூன்று நிமிட நேர்முகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் தருவது நெறியற்றது என்று தீர்ப்பளித்து, 15 விழுக்காட்டை மேல்வரம்பாகக் காட்டியது. மைய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே 2016 ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது.

நேர்முகத்துக்கு அழைக்கப்படும் முன்பே சிலர் தள்ளப்படுவதும் உண்டு. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் விண்ணப்பதாரனுக்கு மருந்து தர இயலாது. இங்கே உளவியலைக் கற்க வேண்டியவர் மேசைக்கு அப்பால் இருப்பவரே.

கலீபா உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் மற்றொருவரைப் புகழ்ந்து சான்று கூறியபோது, அவர்கள் மூன்று வினாக்கள் கேட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. அவருக்கு நீர் அண்டை வீட்டாரா? அவருடன் பயணம் செய்தீரா? அவருடன் பணம் கொடுத்து வாங்கினீரா? மூன்றுக்கும் இல்லையென்றே விடை வந்தது. அப்படியாயின் அவரைப் பள்ளிவாசலில் தொழக் கண்டிருப்பீர், அவ்வளவுதான். அவரை நீர் அறியவில்லை என்றார்களாம். தொழுகையின் தோற்றமே ஒருவனை அறியப் போதாதென்றால், இருபது நிமிட உரையாடல் எம்மாத்திரம்? நேர்முகத்தில் வென்றவன் இதை நினைத்தால் தலைக்கனம் வராது. தோற்றவன் இதை நினைத்தால் தன்னையே வெறுக்க மாட்டான். ஒன்பதாவது இடத்தில் நின்ற ஒருவர் 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவராகி, முப்படைகளுக்கும் தலைமை தாங்கினார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் தோற்றவரெல்லாம் தலைவராவதில்லை. பெரும்பாலோர் சாதாரண மனிதராகவே வாழ்ந்து மறைவர். அவர்களுடைய மதிப்பையும் அவ்வறை தீர்மானிக்கவில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

தம்பிக்குச் சொன்ன விடை

அன்று அந்தத் தம்பிக்கு நாம் கூறியது இது. "உன் அச்சத்தைப் போக்க அவர்கள் கற்றுத் தந்த எதையும் எடுத்துக்கொள். உரக்கப் பேசிப் பழகு. முகத்தைப் பார்த்துப் பேசு. கேட்காத பழைய வருத்தங்களையெல்லாம் அவிழ்த்துக் கொட்ட வேண்டாம்; அங்கே அது யாருக்கும் உரிமையான செய்தியன்று. ஆனால் ஆட்சிப் பணிக்குப் படித்தேன் என்று சொல்லாதே. அது கட்டிய மடி. கடையில் அமர்ந்த ஓராண்டைக் குறையென்று யார் சொன்னது? கடன் கேட்டு வருபவனிடம் முகம் கோணாமல் இல்லையென்று சொல்லக் கற்றாயே, கணக்கு முடிக்காமல் ஒரு நாளும் கடை சாத்தவில்லையே, அதைச் சொல். யூசுப் நபி போல அந்த வேலைக்குத் தேவையானதைச் சொல். மூஸா நபி போல உன்னிடம் இல்லாததையும் தெரிந்து வைத்துக்கொள்."

இன்னொன்றும் சொன்னோம். பக்தாதின் நிழாமிய்யாக் கல்விக்கூடத்தில் 1091இல் தலைமையாசிரியராய் அமர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), 1095இல் ஒரு நாள் பாடம் நடத்த வாய் திறந்தபோது சொல் எழாமல் நா கட்டுண்டது. கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்று உள்ளே நடந்த போராட்டமே அதற்குக் காரணம் என்று அவர்களே பின்னாளில் எழுதினார்கள். அத்தகைய பேரறிஞரின் நாவையே உள்ளும் புறமும் மாறுபட்டமை கட்டிப்போட்டதென்றால், உருப்போட்ட பொய் நம் நாவை எப்படி அவிழ்த்துவிடும்?

அவர் போனார். உள்ளதைச் சொன்னார். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்து, "ஹஜ்ரத், வகுப்பில் சொன்னபடி சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமோ?" என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, களைப்பு இருந்தது. கிடைத்திருக்கலாம் என்றே சொன்னோம். வேறு என்ன சொல்வது? உண்மை சொன்னால் உடனே பலன் கிட்டும் என்று ஆசை காட்டி அவரை நாம் அனுப்பவில்லை. பலனுக்காகச் சொல்லும் உண்மையும் ஒருவகை மடி கட்டல்தான். பொய்யால் கிடைத்த வேலையில், அந்த ஆண்டைப் பற்றி எவரேனும் கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் அஞ்சி அமர வேண்டும். தந்தையின் நோய்ப் படுக்கையருகே கழித்த ஓராண்டு, தன் வாழ்விலேயே ஒளித்து வைக்க வேண்டிய ஓராண்டாகிவிடும். அந்த இழப்புக்குச் சம்பளத்தில் ஈடில்லை. இதைத்தான் நம்மால் சொல்ல முடிந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை, ஒப்புக்கொண்டதாகவும் சொல்லவில்லை.

சென்ற வாரம் மீண்டும் வந்தார். மறுநாள் சோழிங்கநல்லூரில் வேறொரு நேர்முகம். இம்முறை கேள்வி ஏதும் கேட்கவில்லை. துஆ மட்டும் கேட்டார். மூஸா நபியின் துஆவையே இருவரும் சேர்ந்து ஓதினோம். நெஞ்சை விரிவாக்கவும், காரியத்தை எளிதாக்கவும், பேச்சைப் பிறர் விளங்கிக்கொள்ளும்படி நாவின் முடிச்சை அவிழ்க்கவும் வேண்டும் துஆ அது. வேறொருவருடைய நாவைத் தரும்படி மூஸா நபி கேட்கவில்லை. தம் நாவின் முடிச்சை அவிழ்க்கவே கேட்டார்கள்.

மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். கடைக்குத்தான் போகிறார், இரவுக் கணக்கை முடிக்க வேண்டும்.